கதிர்வீச்சு உணரியில் யாராவது கைவைத்தால் எப்படித் தெரியும்? – ஒரு செய்முறைப் பதிவு

கனடா வடிவமைத்த காண்டு வகை அணு உலைகளில், உலையை நிறுத்தாமலேயே எரிபொருள் கட்டுகளை மாற்ற முடியும். மின்சாரம் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களுக்கு இது பெரிய சிக்கல். எரிந்த கட்டுகள் உலையிலிருந்து தொடர்ந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புளூட்டோனியம் உருவாகியிருக்கும். 8 கிலோ புளூட்டோனியம் கணக்கில் வராமல் போனாலே அணுகுண்டு செய்யும் வாய்ப்பை மறுக்க முடியாது என்பது முகமையின் கணக்கு. ஆய்வாளர் இரவு பகலாக வாசலில் நிற்க முடியாது. ஆகவே கட்டு போகும் வழியில் கதிர்வீச்சு உணரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எது முதலில் துடித்தது, எது அடுத்துத் துடித்தது என்று பார்த்தால், எத்தனை கட்டு போனது, எந்தத் திசையில் போனது என்று தெரிந்துவிடும்.

அந்த உணரி இருப்பது யாரைக் கண்காணிக்கிறதோ அவருடைய கட்டடத்துக்குள். கரன்ட் அவர் கொடுப்பது. அறைச் சாவியும் அவர் கையில். ஆய்வாளர் வராத மாதங்களில் அந்தப் பெட்டியோடு தனியாக இருப்பவர் அவர்தான். நம் நாட்டிலும் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் முகமையின் கண்காணிப்பில் வருபவை. எனவே ஏதோ தூர தேசத்து விவகாரம் என்று இதை ஒதுக்க முடியாது.

பெட்டியைப் பூட்டலாம், தகவலைக் குறியாக்கம் செய்யலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும். அந்தப் பூட்டும் குறியாக்கமும் எந்த இடத்திலிருந்து காக்கத் தொடங்குகின்றன என்பதுதான் என் கேள்வி. படிகத்தில் ஒளி பிறக்கிறது, அது மின்துடிப்பாகிறது, பிறகு எண்ணாகிறது. கையொப்பம் போடுவது எண்ணுக்கு. அதற்கு முந்தைய பாதையில் யாராவது கைவைத்தால், பொய்யான எண்ணுக்கும் அசல் கையொப்பம் விழும். இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். பெட்டியைக் கட்டுவது நான், உடைப்பது தம்பி என்று பிரித்துக்கொண்டோம். அவனுக்குத் தொழில் மின்னணுக் கருவி பழுதுபார்ப்பது. எந்த வயர் எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான்.

பொருட்கள்

2 அங்குல சோடியம் அயோடைடு படிகம், அதன் பின்னால் ஒட்டிய ஒளிப்பெருக்கிக் குழாய், இரண்டும் ஒரே அலுமினிய உறைக்குள். பழைய சாமான்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. குழாய்க்கு 800 வோல்ட் வேண்டும். அந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் குறைவு என்றாலும் விளையாட்டு இல்லை; அணைத்த பிறகு மின்தேக்கிகள் வடியும்வரை காத்திருக்க வேண்டும். துடிப்பை வடிவமைக்க ஒரு பெருக்கி, உச்சத்தைப் பிடித்து வைக்க ஒரு சுற்று, எண்ணாக மாற்ற ராஸ்பெரி பை பிகோ என்ற சின்னக் கணினிப் பலகை. கையொப்பத்துக்கு ஏடிஇசிசி608 என்ற சின்னச் சிப்.

உரிமம் தேவைப்படும் எந்தக் கதிர்வீச்சு மூலத்தையும் வாங்கவில்லை, தேவையும் இல்லை. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷே போதும். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. ஒரு கிராம் பொட்டாஷ் உரத்தில் நொடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. பத்தில் ஒரு சிதைவு 1461 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் காமாக் கதிரை வெளியிடும். இது தவிர, சுவரிலும் தரையிலும் உள்ள யுரேனிய, தோரியத் தொடர்களின் கதிர்கள் எப்போதும் இருக்கும்: பிஸ்மத்-214 தரும் 609 கேஇவி, தாலியம்-208 தரும் 2614 கேஇவி. என் அறையில் பின்னணி நொடிக்குச் சுமார் 250 எண்ணிக்கை.

பெட்டியும் சீலும்

பெட்டி 3 மில்லிமீட்டர் வார்ப்பு அலுமினியம். உட்சுவர் முழுக்க 42 கேஜ் எனாமல் கம்பி இரண்டு இழை, பக்கம் பக்கமாக, எபாக்சியில் ஒட்டியது. மோட்டார் வைண்டிங் கடையில் சில்லறையாகவே தருகிறார்கள். ஓர் இழை 20 மீட்டர், மின்தடை 40 ஓமுக்கு மேல். இரண்டையும் தொடராக இணைத்து நடுப்புள்ளியின் மின்னழுத்தத்தை நொடிக்கு ஒருமுறை அளக்கிறேன். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும், ஆனால் இரண்டு இழையும் ஒன்றாகச் சூடாவதால் நடுப்புள்ளி நகராது. துளை போட்டால் இழை அறுந்து நேராகத் தெரிந்துவிடும். அறுக்காமல், ஒரு சாண் நீளத்தை ஒட்டுக்கம்பி போட்டுத் தாண்டினாலும் 4096 படிகளில் பத்துக்கு மேல் நகர்கிறது. அதுவே போதும்.

இந்த அளவீட்டைச் செய்வது பிகோ அல்ல. காசு பேட்டரியில் எப்போதும் விழித்திருக்கும் ஏடிடைனி85 என்ற இன்னொரு குட்டிச் சிப். அதன் தற்காலிக நினைவகத்தில் ஓர் இரகசிய எண் இருக்கிறது. வலை கலைந்தால் அந்த எண்ணை அழித்துவிடும். அதன் பிறகு வரும் எந்தப் பதிவிலும் அந்த எண் கலந்திருக்காது. எனவே பெட்டியைத் திறந்து, வேலையை முடித்து, அழகாக மூடி வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. அந்த எண்ணின் நகல் சரிபார்க்கும் பக்கம் மட்டும்தான் உண்டு.

மூடிக்கு மேலே சீல் வேண்டும். முகமை நெடுங்காலம் பயன்படுத்திய உலோகச் சீல் இரண்டு பாதிக் கிண்ணங்கள் சேர்ந்தது. உட்பக்கத்தில் உள்ள தனித்துவமான கீறல்களை முன்கூட்டியே படம் எடுத்து வைத்து, கழற்றிய பிறகு வியன்னாவுக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவார்கள். கோப்ரா என்று இன்னொன்று: பல இழைகள் கொண்ட பிளாஸ்டிக் ஒளியிழைக் கற்றையைச் சுற்றிப் பூட்டும்போது உள்ளே ஒரு கத்தி சில இழைகளைத் தாறுமாறாக அறுத்துவிடும். ஒரு முனையில் வெளிச்சம் காட்டினால் மறுமுனையில் எரியும் புள்ளிகளும் அணைந்த புள்ளிகளும் ஒரு கோலம் போலத் தெரியும். அந்தக் கோலம் இன்னொரு சீலில் வராது.

எனக்குப் பிடித்தது கோப்ராவின் யோசனை. அலங்கார விளக்குகளில் வரும் மெல்லிய ஒளியிழைகளைக் கட்டாகச் சேர்த்து, மூடியின் காதுகள் வழியே நுழைத்து, 3டி அச்சில் செய்த சிறு தாழ்ப்பாளுக்குள் சவர பிளேடுத் துண்டு ஒன்றை வைத்தேன். தாழ்ப்பாளை அழுத்தினால் சில இழைகள் அறுகின்றன. பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதில்தான் வேலை இருக்கிறது: பாதிக்கு மேல் அறுந்தால் மிச்சமிருக்கும் புள்ளிகள் கம்மி, போலி செய்வது எளிது, நாலைந்து மட்டும் அறுந்தாலும் அதே கதை. மூன்றில் ஒரு பங்கு அறுபடும்படி வைத்தேன். செல்போனில் கிட்டத்தில் எடுத்த படமே ஒப்பிடப் போதுமானதாக இருக்கிறது.

திருகுகளின் தலையில் மினுக்கும் துகள் கலந்த நகப்பூச்சு. இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைகளுக்காக அமெரிக்காவின் சான்டியா ஆய்வகம் உருவாக்கிய அடையாளக் குறியும் இதே அடிப்படைதான்: பசையில் சிதறிய பளபளப்பான துகள்கள் வெவ்வேறு கோணத்து வெளிச்சத்தில் எப்படி மின்னுகின்றன என்று பதிந்து வைப்பது. ஒரே கோணத்தில் ஒரு படம் போதாது. குறைந்தது இரண்டு மூன்று திசையிலிருந்து வெளிச்சம் காட்டி எடுக்க வேண்டும். துகள் எங்கே இருக்கிறது என்பதை நகல் எடுக்கலாம், எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை நகல் எடுப்பது கடினம்.

கையொப்பம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நிமிடத்துக்கு ஒரு பதிவு. அதில் முழு ஸ்பெக்ட்ரம் (எந்த ஆற்றலில் எத்தனை துடிப்பு வந்தது என்ற பட்டியல்; துடிப்பின் உயரம்தான் ஆற்றலைச் சொல்லும்), வெப்பநிலை, உயர் மின்னழுத்தம், வலையின் நடுப்புள்ளி, முந்தைய பதிவின் ஹாஷ் (அந்தப் பதிவிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஓர் எண்), ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கையொப்பம். சாவி சிப்புக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும், வெளியே வராது. சிப்பில் உள்ள எண்ணி ஏறுமே தவிர இறங்காது. அதன் உச்சம் 20,97,151. நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 4 ஆண்டுகள் வரும். ஒரு பதிவை நீக்கினாலோ, நடுவில் நுழைத்தாலோ, பழையதைத் திரும்ப அனுப்பினாலோ சங்கிலி அறுந்து தெரியும்.

தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நான் கையே வைக்க மாட்டேன். எண் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற இடத்துலதான் வேலை" என்றான். எதிர்பார்த்ததுதான். அந்தப் பாதையைச் சோதிப்பதற்காகவே முதல் கட்டத்தில் குழாய்க்கும் எண்மாற்றிக்கும் நடுவே உள்ள கேபிளையும், உயர் மின்னழுத்தத் திருகையும் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

தம்பியின் தாக்குதல்கள்

முதலில் காரீயம். 6 மில்லிமீட்டர் காரீயத் தகட்டை வளைத்து உணரியைச் சுற்றி வைத்தான். (காரீயத்தைத் தொட்டால் கையுறை, பிறகு சோப்பு போட்டுக் கைகழுவல், கட்டாயம்.) மொத்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. இதைக் கண்டுபிடிக்க எந்தத் திறமையும் வேண்டாம். ஆனால் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் காரீயமா, குழாயின் மின்னழுத்தம் இறங்கியதா, சுற்று பழுதானதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆய்வாளருக்கு அதுதான் முக்கியம்.

இதற்கு உதவுபவை மியூவான்கள். வானிலிருந்து வரும் இந்தத் துகள்கள் கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் விழுகின்றன. சோடியம் அயோடைடில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 எம்இவிக்குச் (ஓர் எம்இவி என்பது 1000 கேஇவி) சற்றுக் குறைவாக ஆற்றலை விடுகின்றன. நிலத்திலிருந்து வரும் காமாக் கதிர்களில் உயரமானது 2.6 எம்இவிதான். அதனால் 3 எம்இவிக்கு மேல் வருவது கிட்டத்தட்ட எல்லாம் வானத்துச் சமாச்சாரம். என் சுற்றில் அவை எண்மாற்றியின் உச்சத்தைத் தாண்டி, ஸ்பெக்ட்ரத்தின் கடைசிக் கட்டத்தில், அதாவது கடைசிச் சானலில் குவிகின்றன, நிமிடத்துக்கு 25 முதல் 30 வரை. வழக்கமாக இந்தக் கடைசிச் சானலை எல்லோரும் குப்பை என்று விட்டுவிடுவார்கள். நான் அதைத்தான் முதல் சாட்சியாக வைத்திருக்கிறேன். கொஞ்சம் காரீயம் மியூவானை ஒன்றும் செய்யாது. காமா குறைந்து மியூவான் அப்படியே இருந்தால் மறைப்பு. இரண்டும் சேர்ந்து செத்தால் சுற்றிலோ குழாயிலோ கோளாறு.

அடுத்து உயர் மின்னழுத்தம். 800 வோல்ட்டை 760 ஆக்கினான், வெறும் 5 சதவீதம். குழாயின் பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய ஏழாம் அடுக்கில் ஏறி இறங்குவது, ஆகவே துடிப்பின் உயரம் 30 சதவீதம் குறைந்தது. 1461இல் நிற்க வேண்டிய பொட்டாசியம் பீக் (ஸ்பெக்ட்ரத்தில் அந்தக் கதிர் எழுப்பும் முகடு) 1020 பக்கம் போய் நின்றது. மியூவான் எண்ணிக்கை அதிகம் மாறவில்லை, ஏனென்றால் அவற்றின் துடிப்பு அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது. வெப்பநிலை மாறினாலும் பீக் நகரும் என்பது உண்மைதான். ஆனால் அது மணிக்கணக்கில் மெல்ல நகரும், பக்கத்திலேயே வெப்பமானி சாட்சி சொல்லும். ஒரே நிமிடத்தில் தாவினால் அது வெயில் இல்லை.

மூன்றாவது தாக்குதல்தான் என்னை உட்காரவைத்தது. காரீயத்தை மறுபடி சுற்றினான். அதற்குள், உணரியை ஒட்டி, பொட்டாஷ் உரத்தைப் பையில் கட்டி வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனான். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது மொத்த எண்ணிக்கை பழையபடி 250க்கு வந்துவிட்டது. மியூவானும் சரி. பொட்டாசியம் பீக் தன் இடத்தில் சரியாக நிற்கிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கருவி, ஒரு கைகர் மானி மாதிரி, இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது. வெளியே எதை எடுத்துச் சென்றாலும் அந்த உணரிக்குப் பாதிக்கு மேல் தெரியாது, அதே நேரம் எல்லாம் வழக்கம்போல என்று அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். காவலில் நிற்கும் கருவிக்கு இதைவிட ஆபத்தான நிலை இல்லை.

ஸ்பெக்ட்ரத்தில்தான் விடை. பின்னணியில் பொட்டாசியமும் யுரேனியத் தொடரும் தோரியத் தொடரும் அந்த அறைக்கே உரிய ஒரு விகிதத்தில் கலந்திருக்கின்றன. காரீயம் எல்லா ஆற்றலையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை: அந்தத் தகடு 609 கேஇவி கதிரில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும், 1461இல் சுமார் 30 சதவீதம்தான். பொட்டாஷ் திருப்பித் தருவதோ பொட்டாசியத்தின் கோடும் அதற்குக் கீழே பரவும் மேடும் மட்டுமே. ஆக 1461 பல மடங்கு ஏறியிருந்தது, 609 இறங்கியிருந்தது, 2614 கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்த மூன்று கோடுகளைச் சுற்றியுள்ள ஆற்றல் பட்டைகளின், அதாவது மூன்று சன்னல்களின் விகிதத்தைப் பார்த்தால் ஒரு பதிவிலேயே தெரிகிறது. மறைப்பு சரியாக இருக்க வேண்டும் என்றால் அந்த அறையின் சுவரையே பொடித்து உள்ளே வைக்க வேண்டும். "அதையும் செய்யலாம்" என்றான் தம்பி. செய்யலாம்தான். பாதுகாப்பு என்றால் எதிராளியின் வேலையைக் கடினமாக்குவது, சாத்தியமே இல்லாததாக்குவது அல்ல என்று அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே மொழியில் பேசத் தொடங்கினோம்.

பொய்த் துடிப்பு

இப்போது உண்மையான சண்டை. கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் துடிப்பு உண்டாக்கும் கருவியை மாட்டினான். முதலில் சீரான இடைவெளியில் நொடிக்கு 250. இது உடனே மாட்டிக்கொண்டது. கதிரியக்கச் சிதைவு பாய்சான் விதிப்படி வருவது: நிமிடத்துக்கு 15,000 வந்தால் அதன் ஏற்ற இறக்கம் 120 சொச்சம் இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிமிடத்துக்கு நிமிடம் மாறாமல் வரும் எண் இயற்கையின் எண் அல்ல.

உடனே நிரலை மாற்றினான். இடைவெளிகள் தற்செயலாக, உயரங்கள் என் அசல் ஸ்பெக்ட்ரத்திலிருந்து எடுத்தவை, மியூவானும் அதன் பங்குக்கு. பாய்சான் சோதனை தேறியது. சன்னல் விகிதங்களும் தேறின. மாட்டிக்கொண்டது எதிர்பாராத இடத்தில்: மோதும் துடிப்புகளில். அசல் உணரியில் இரண்டு கதிர்கள் 10 மைக்ரோ நொடிக்குள் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். நொடிக்கு 250 என்ற வீதத்தில் இது நிமிடத்துக்கு 37 தடவை நடக்க வேண்டும். இதைத் துடிப்பின் அகலத்தை வைத்துத் தனியே எண்ணி வந்தேன். தம்பியின் கருவி ஒரு துடிப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கும். மோதல் எண்ணிக்கை சுழி. அளவீட்டில் இடைஞ்சல் என்று நாம் வடிகட்டி எறியும் விஷயமே நல்ல சாட்சியாக நிற்பதை இந்த வேலை முழுக்கப் பார்த்தேன்.

கடைசியாக அவன் செய்தது இன்னும் கூர்மையானது. கேபிளில் வரும் முழு அலைவடிவத்தையும் ஒரு பகல் பொழுது பதிந்து, மாலையில் அதையே திருப்பி ஓட்டினான். மோதல்கள், மியூவான், விகிதங்கள், பாய்சான் எல்லாம் அசல், ஏனென்றால் அது அசல் உணரியின் அலையேதான். கையொப்பமும் நியாயமாகவே விழுகிறது.

அன்று மாலை மழை பெய்தது. மழை, காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வழித்தோன்றல்களைக் கழுவித் தரைக்குக் கொண்டுவரும். காரீயம்-214இன் அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். ஆகவே மழை தொடங்கியதும் 609 சன்னல் ஏறி, நின்ற பிறகு ஓரிரு மணி நேரத்தில் இறங்கும். அறைக்குள் இருந்தும் ஒவ்வொரு நல்ல மழைக்கும் இந்த மேடு எனக்குக் கிடைத்திருக்கிறது. அன்றைய பதிவில் மேடு இல்லை. பக்கத்து அறையில் வைத்திருந்த சின்ன ஒப்பீட்டு உணரியில் இருந்தது. பழைய அலையை ஓட்டுபவன் மழையைப் போலி செய்ய முடியாது.

மழையை நம்பிக் கருவி வடிவமைக்கவும் முடியாது. உலையின் கான்கிரீட் அறைக்குள் மழை எட்டாது. மழை செய்ததை எப்போதும் செய்யும் ஒன்று வேண்டும்: வெளியாளுக்கு முன்கூட்டித் தெரியாத ஒரு நிகழ்வு, உணரி வழியாகவே வந்து சேர வேண்டும். ஒளிப்பெருக்கிக் குழாயின் முகப்புக்குப் பக்கத்தில் ஒரு நீல எல்இடி வைத்தேன். அது எப்போது, எத்தனை பிரகாசத்தில் மின்ன வேண்டும் என்பதை ஏடிடைனியின் இரகசிய எண் முடிவு செய்கிறது. அந்த மின்னல் குழாய், பெருக்கி, எண்மாற்றி எல்லாவற்றையும் கடந்து வந்து, சரியான நேரத்தில் சரியான உயரத்தில் பதிவாக வேண்டும். பதிந்து ஓட்டிய அலையில் நேற்றைய மின்னல்கள் இருக்கும், இன்றையவை இருக்காது. ஓட்டிய முதல் நிமிடத்திலேயே எச்சரிக்கை வந்தது. கூடவே குழாயின் பெருக்கத்தைச் சரிபார்க்கவும் எல்இடி உதவுகிறது, அதன் பிரகாசம் சூட்டுக்கு மாறுவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முகமை வட்டாரத்தில் சில உணரிகளின் படிகத்துக்குள்ளேயே சிறிதளவு அமெரிசியம்-241 விதைத்துப் பெருக்கத்தை நிலையாக வைப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது கிடைக்காது, எல்இடியே போதும்.

"எல்இடி வயரையும் சேர்த்துப் பிடிச்சா?" என்று கேட்டான். பிடித்தால் முடியும். மின்னல் கட்டளையைப் படித்து, அதற்கேற்ற துடிப்பைப் பழைய அலையோடு கூட்டி அனுப்பலாம். அதனால் இரண்டாம் கட்டத்தில் கேபிளே இல்லை. குழாய், பெருக்கி, எண்மாற்றி, எல்இடி, கையொப்பச் சிப் எல்லாம் ஒரே கம்பிவலைக்குள் போய்விட்டன. வெளியே வருவது கரன்ட் வயரும் ஏற்கெனவே கையொப்பமிட்ட தகவல் வயரும் மட்டும்.

வீண் எச்சரிக்கை

இதைப் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள், நான் முதலில் நினைக்கச் சொல்வேன். ஒரு நாளில் 1,440 நிமிடப் பதிவுகள். சராசரியிலிருந்து மூன்று சிக்மா (வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கு) விலகினால் மணி அடிக்கும் என்று வைத்தால், எதுவுமே நடக்காத நாளிலும் ஓர் அளவீட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு வீண் எச்சரிக்கை. நான் கவனிக்கும் அளவீடுகள் அரை டஜனுக்கு மேல். நாளுக்கு இருபது முறை கத்தும் கருவியை யாரும் மதிக்க மாட்டார்கள், கடைசியில் ஒருவர் அதை அணைத்தும் வைப்பார். எதிராளிக்கு வேறு என்ன வேண்டும்?

ஆகவே தனித் தனி நிமிடத்துக்கு ஐந்து சிக்மா, சிறிய ஆனால் விடாப்பிடியான விலகல்களுக்குக் கூட்டிக்கொண்டே போகும் முறை, அதாவது க்யூசம். ஒவ்வொரு நிமிடத்தின் விலகலையும் ஒரு சிறு கழிவு போக மேலே மேலே கூட்டிப் பார்ப்பது. தற்செயல் விலகல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், உண்மையான மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். 1 சதவீத மறைப்பு ஒரு நிமிடப் பதிவில் இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். க்யூசத்தில் அரை மணி நேரத்துக்குள் தலைகாட்டுகிறது. மழை மேட்டுக்கு மட்டும் ஒப்பீட்டு உணரியைப் பார்த்து விலக்கு.

எச்சரிக்கை வந்தால் அது குற்றச்சாட்டு அல்ல என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன். யாரோ பெட்டிக்குப் பக்கத்தில் அலமாரியை நகர்த்தினாலும் பின்னணி விகிதம் மாறும். முகமையும் ஓர் உணரியை மட்டும் நம்புவதில்லை. சீல், கேமரா, உணரி மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கிறார்கள். முரண்பட்டால் நேரில் போய் மறுபடி அளக்கிறார்கள்.

சிப்பை யார் நம்புவது

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பது உள்ளே இருக்கும் சிப்புகள். பிகோவுக்குள் நான் எழுதிய நிரல்தான் ஓடுகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அணு ஆயுதச் சரிபார்ப்பில் இது இன்னும் கடுமை. அங்கே அளக்கப்படுபவர், தன் இரகசியத்தைப் பெட்டி கசியவிடுமோ என்று பயப்படுவார். அளப்பவர், பெட்டி தனக்குப் பொய் சொல்லுமோ என்று பயப்படுவார். 1996 முதல் 2002 வரை அமெரிக்கா, ரஷ்யா, முகமை மூன்றும் சேர்ந்து நடத்திய முத்தரப்பு முயற்சி முட்டிக்கொண்டு நின்ற இடங்களில் இதுவும் ஒன்று.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மோரிட்ஸ் கூட், அலெக்சாண்டர் கிளேசர் இருவரும் 2019இல் வெளியிட்ட ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1975இல் வந்த 6502 சிப்பை எடுத்துக்கொண்டு, ஆப்பிள் 2 கணினியை ஒட்டி ஓர் அளவீட்டுக் கருவியைச் செய்தார்கள். அந்தச் சிப்பில் இருப்பவை சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். தன்னார்வலர்கள் அதைப் படம் எடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தயாரான சிப்பில், பின்னாளில் அணு ஆயுதச் சரிபார்ப்புக்குப் போகும் என்று ஊகித்து யாரும் கள்ளக் கதவு வைத்திருக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

அதனால் மூன்றாம் கட்டத்தில் ஸ்பெக்ட்ரம் சேர்க்கும் வேலையைப் பிகோவிடமிருந்து எடுத்து ஒரு 6502 பலகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். 256 சானல்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், மொத்தம் 512 பைட். ஒரு துடிப்பைப் பதிய நான்கு கட்டளைகள் போதும்: சானல் எண்ணை எடு, கீழ் பைட்டைக் கூட்டு, சுழியாகாவிட்டால் தாண்டு, சுழியானால் மேல் பைட்டைக் கூட்டு. முழு நிரலும் ஒரு பக்கத் தாளில் அடங்குகிறது. அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறான். கையொப்பச் சிப் மட்டும் இன்னும் மூடிய கறுப்புப் பெட்டியாகவே இருக்கிறது. 6502இல் அந்த வேகத்துக்கு ஏற்ற கையொப்ப முறை எது என்று பார்க்க வேண்டும்.